இரண்டாவது தேதி

லோம், 5 மார்ச் 2019, செவ்வாய்க்கிழமை

ரலிட்சாவுக்கு,

ஜெர்மனிப் பேருந்தின் ஓட்டுநர் கிரில் உன் கடிதத்தைச் சனிக்கிழமை காலை என் கையில் கொடுத்தார். அதில் "19 பிப்ரவரி" என்று இருக்கிறது, ஆண்டு இல்லை. இந்த நகரத்தின் பிறப்பு இறப்புப் பதிவேட்டை ஓய்வு பெறும் நாள் வரை எழுதியவனின் மகள் ஆண்டில்லாத தேதி போடுகிறாள் என்பதை நான் வெளியில் சொல்லவில்லை.

கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் பிரித்தது என் தவறு. பீன்ஸ் சூப் எதிரில் இருந்தது. இரண்டாம் பக்கத்தில், தொண்ணூறு வயதுக் கிழவர் ஒருவரின் தொடையிடுக்கில் எந்தக் களிம்பை எந்தத் திசையில் தடவ வேண்டும் என்று விளக்கியிருக்கிறாய். சூப்பை மூடி வைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமையும் அது இறங்கவில்லை.

நீ பூகோளம் படித்தவள். ஒன்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்கு நதிகளையும் மலைகளையும் கற்பித்தவள். பிள்ளைகள் இல்லாமல் பள்ளியை மூடியது உன் குற்றமல்ல. ஆனால் அதற்காக முப்பத்தாறு வயதில் ஜெர்மனிக்குப் போய், அந்நியர்களைத் துடைப்பது எப்படி என்று மூன்று ஆண்டுகள் படிப்பது என்ன படிப்பு? அதற்கு ஆகஸ்ட் மாதத்தில் ஒரு தேர்வு, அதன் முடிவில் அரசு முத்திரையிட்ட சான்றிதழ். துடைப்பதற்கு முத்திரை.

தொலைபேசியில் பேசலாம் என்று மறுபடியும் கேட்காதே. தொலைபேசியில் பேசிய சொல்லுக்குத் தேதி கிடையாது.

இங்கே படிக்கட்டில் நிற்க முடியவில்லை. எதிர்வீட்டு மெதோதி, துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவன், முட்டைக்கோஸ் புளிக்கவைத்த தன் பீப்பாயைக் குளிர்காலம் முடிந்தும் காலி செய்யவில்லை. நாற்றம் கதவிடுக்கு வழியே என் வீட்டுக்குள் வருகிறது. பிப்ரவரி 28 அன்று வாசல் பலகையில் எழுத்துப்பூர்வமாகப் புகார் ஒட்டினேன். சண்டை போடக்கூட அவன் வெளியே வரவில்லை.

தேர்வுக்கு முன்பாகவே நீ திரும்பி வருவது நல்லது. உன் அறை உள்ளபடியே இருக்கிறது.

உன் தந்தை,
எவ்ஸ்தாதி பென்கோவ்

*

ஜெர்மனி, 14 மார்ச் 2019

அன்புள்ள அப்பா,

ஆண்டு போட்டிருக்கிறேன். பாருங்கள்.

இந்தக் கடிதத்தைச் சாப்பிட்ட பிறகு படியுங்கள். ஆனால் இது களிம்பு பற்றியதல்ல. நான் சொல்வேனே, எங்கள் முதியோர் இல்லத்து வெண்ட்லாண்ட் அம்மாள், என் ஜெர்மன் தப்பினால் கையில் கிள்ளித் திருத்துபவர், அவர் திங்கட்கிழமை காலை இறந்துவிட்டார். நான்தான் அவரைக் குளிப்பாட்டித் தலை வாரினேன். அதில் எனக்கு எந்த அருவருப்பும் இல்லை. அதற்குப் பிறகு நடந்ததில்தான்.

உடலை எடுத்துப்போகும் வண்டி வாசலில் நிற்கும்போதே, பிரிவுத் தலைவி பிர்கிட் கதவிலிருந்த பெயர்ச்சீட்டை நகத்தால் சுரண்டி எடுத்தாள். மெத்தைக்கு மருந்தடித்தார்கள். மாலைக்குள் வேறு பெயர். சாப்பாட்டு மேசையில் மற்றவர்கள் கேட்டபோது, "அவங்க வேற இடத்துக்குப் போயிட்டாங்க" என்று பதில். மகன் வந்தார். தொலைக்காட்சியைக் கழற்றிக்கொண்டார். செருப்பு யாருக்காவது வேண்டுமா என்று கேட்டார். செய்தித்தாளில் அறிவிப்பு வேண்டாம் என்றார். பெயர்ப்பலகை இல்லாத புல்வெளியில் சாம்பலைப் புதைத்துவிடுவார்களாம். நம் ஊரில் குடிகார இல்ச்சோ செத்தபோதுகூட, இரங்கல் தாளில் அவன் முகம் மழை கரைக்கும்வரை மரத்தில் இருந்தது. இவர் இங்கே தொண்ணூறு வருடம் வாழ்ந்தார். இவருக்கு ஒரு தாள் கிடையாது.

அப்பா, அவருக்கு ஓர் இரங்கல் தாள் எழுதித் தாருங்கள். நம் ஊரில் உங்களைப் போல எழுத ஆளில்லை. எல்ஃப்ரீடே வெண்ட்லாண்ட், பிறப்பு 21 ஜூன் 1928, இறப்பு 11 மார்ச் 2019. ரயில்வேயில் தொலைபேசி இணைப்பு கொடுக்கும் வேலை. படம் என்னிடம் இருக்கிறது, திருவிழாவில் காகிதக் கிரீடத்தோடு நான் எடுத்தது. ஜெர்மனில் நானே மாற்றிக்கொள்கிறேன்.

இன்னொன்று. புளித்த முட்டைக்கோஸ் நாறும், சரி. அந்த நாற்றத்தில் தித்திப்பும் இருக்கிறதா? மெதோதி மாமாவைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

ரலிட்சா

*

லோம், 19 மார்ச் 2019, செவ்வாய்க்கிழமை

ரலிட்சாவுக்கு,

ஒரு மனிதரின் பெயரை நகத்தால் சுரண்டுகிறவர்களிடம் போய் மனிதர்களைப் பராமரிக்கக் கற்கிறாய். இதற்குமேல் நான் எதுவும் சொல்லத் தேவையில்லை.

தாளின் வாசகம் வருமாறு. ஒரு சொல்லையும் மாற்றாதே:

"எல்ஃப்ரீடே வெண்ட்லாண்ட். 21 ஜூன் 1928 – 11 மார்ச் 2019. தூரத்து ஊர்களை ஒன்றோடொன்று பேச வைத்தவர். பிழையான சொல்லைப் பொறுக்காதவர். இந்த ஊரில் வாழ்ந்தார், இங்கேயே இறந்தார். வேறு இடத்துக்குப் போய்விடவில்லை. துயருறுவோர்: அவரை அறிந்தவர்கள்."

கிரீடம் வைத்த படம் இறந்தவருக்குப் பொருந்தாது. கிரீடத்துக்குக் கீழே வெட்டிக்கொள். கறுப்பு விளிம்பு ஒரு விரல் அகலம். ஒட்டுநாடா கூடாது, மஞ்சளாகிவிடும்; மாவுப் பசை காய்ச்சு. நிற்பவரின் கண்மட்டத்தில் ஒட்டு. அவர் குடியிருந்த கட்டடத்தின் வாசல், பேருந்து நிறுத்தம், ரொட்டிக்கடை அருகே: இந்த மூன்று இடங்கள் போதும்.

மெதோதியைக் கடைசியாகப் பார்த்தது ஜனவரி 6, ஞாயிற்றுக்கிழமை, திருமுழுக்குத் திருநாளில் பாதிரியார் ஆற்றில் சிலுவை எறிந்தபோது. அண்டைவீட்டுக் கதவை முகர்ந்து பார்க்கும் பழக்கம் எனக்கில்லை. கடந்து போகையில் கவனித்ததைச் சொல்கிறேன்: தித்திப்பு இருக்கிறது. அவனுடைய அண்ணன் மகள் பவ்லினா சனிக்கிழமைதோறும் சோற்றுப் பானையோடு வருகிறாள். ஆகவே அவன் சாப்பிடுகிறான். ஸ்பெயினில் மகனும் இருக்கிறான். நான் தலையிட முகாந்திரமில்லை.

எவ்ஸ்தாதி பென்கோவ்

*

ஜெர்மனி, 4 ஏப்ரல் 2019

அப்பா,

நீங்கள் சொன்னபடியே விளிம்பு ஒரு விரல், மாவுப் பசை, கண்மட்டம். மூன்று இடங்களிலும் ஒட்டினேன். மறுநாள் காலை இல்லத்தின் இயக்குநர் அம்மா என்னை அறைக்குக் கூப்பிட்டார். மேசைமேல் கிழிந்த தாள்.

"இத யாரு ஒட்டுனது?"

"நான்தான்."

"யாரக் கேட்டு?"

"செத்தவங்களுக்கு ஒட்டுறதுக்கு யாரக் கேக்கணும்?"

அவர் கோபப்படவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "ரலிட்சா, ஒருத்தர் இங்க இருக்காருங்கறதையே நாம வெளிய சொல்லக் கூடாது. முதல் வருஷம் முதல் வாரமே படிச்சிருக்கியே. அவங்க செத்ததையே நீ ஊருக்கெல்லாம் ஒட்டி வெச்சிருக்க. அதுவும் நீயே எடுத்த படத்தோட."

படித்தேன், அப்பா. உயிரோடிருப்பவரின் நோயைப் பற்றிப் பேசக் கூடாது என்றுதான் அதை நான் புரிந்துகொண்டிருந்தேன். செத்ததும் ஒரு ரகசியம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நம் ஊரில் எவளுக்குத் தோன்றும்?

மகன் வக்கீலை வைத்துப் புகார் கொடுத்திருக்கிறார். மே 7 அன்று விசாரணை. அதுவரை நான் நோயாளிகள் பக்கம் போகக் கூடாது, துணி வெளுக்கும் அறையில் வேலை. தீர்ப்பு எனக்கு எதிராக வந்தால் ஆகஸ்ட் தேர்வு இல்லை. மூன்று வருடமும் போயிற்று.

ஒரே ஒருவர் வந்தார். முடி திருத்தும் வயதான அம்மாள், பேருந்து நிறுத்தத்திலிருந்து உரித்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு. "எங்கிட்டதான் முப்பது வருஷமா தலை அலங்காரம் பண்ணிக்கிட்டாங்க. திடீர்னு வரல. எங்க போனாங்கன்னே தெரியாம இருந்தேன்." எதுவும் சொல்வதற்கில்லை என்று திருப்பி அனுப்பினார்கள்.

இவர்கள்மேல் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. என்மேலும்தான். நேற்று பவ்லினா ஒரு படம் அனுப்பிய பிறகு உங்கள்மேலும். போன செப்டம்பரில் அம்மாவின் மூன்றாம் ஆண்டு நினைவு நாளுக்கு நீங்கள் ஒட்டிய தாள். "துயருறுவோர்: கணவர் எவ்ஸ்தாதி, பதிவாளர் (ஓய்வு)." அவ்வளவுதான். அம்மாவுக்கு மகள் இல்லையா? அடுத்தவர் பெயரை நகத்தால் சுரண்டுகிறவர்களைப் பற்றி எனக்கு எழுதினீர்களே. நீங்கள் எதால் சுரண்டினீர்கள்?

ஒரு மனிதர் உங்கள் கண்ணில் படுவதே அவருக்கு இரண்டாவது தேதி வந்த பிறகுதான். அதுவரை அவர் நாற்றம், அவ்வளவே.

நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். விசாரணைக்கு முன்பே விலகல் கடிதம் கொடுத்துவிட்டு, மே 11 சனிக்கிழமைப் பேருந்தில் வருகிறேன்.

அந்தத் தித்திப்பு முட்டைக்கோஸ் அல்ல. உயிரோடிருக்கும் சதை அழுகும் நாற்றம். எனக்கு அது தெரியும். அதைத் தெரிந்துகொள்ளத்தான் படிக்கிறேன். கதவைத் தட்டுங்கள்.

ரலிட்சா

*

லோம், 13 ஏப்ரல் 2019, சனிக்கிழமை

ரலிட்சாவுக்கு,

உன் கடிதத்தின் மற்றப் பகுதிகளுக்குப் பின்னர் பதில் எழுதுவேன்.

ஏப்ரல் 9, செவ்வாய்க்கிழமை மாலை மெதோதியின் கதவைத் தட்டினேன். பூட்டியிருக்கவில்லை. உள்ளே முட்டைக்கோஸ் பீப்பாய் எதுவும் கிடையாது.

ஜனவரி 20 அன்று குளியலறையில் வழுக்கி விழுந்தவன் அன்றிலிருந்து எழவில்லை. மல்லாந்து கிடக்கிறான். பவ்லினா சனிக்கிழமைகளில் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைத் திறக்கிறாள், பானையை நாற்காலிமேல் வைக்கிறாள், போய்விடுகிறாள். போர்வையைத் தூக்கிப் பார்த்ததில்லை. நான் தூக்கினேன். இடுப்புக்குக் கீழே, முதுகெலும்பு முடியுமிடத்தில், என் உள்ளங்கை அளவுக்குச் சதை இல்லை. விரிப்பு அவனோடு ஒட்டியிருந்தது. ஈ இருந்தது, ஏப்ரலில். வெளியே வந்து படிக்கட்டில் வாந்தி எடுத்தேன். துல்லியத்துக்காக இதையும் குறிப்பிடுகிறேன்.

மறுபடி உள்ளே போனபோது அவன் கண் திறந்திருந்தது. "என்ன பதிவாளரே, என் பேர எழுதிக்க வந்தீரா? இன்னும் தேதி வரல. போயிட்டு அப்புறம் வாரும்."

அவன் நீ எழுதிய கடிதத்தைப் படித்திருக்க முடியாது. ஆயினும் அப்படிச் சொன்னான்.

மறுநாள் மருத்துவரை அழைத்துவந்தேன். வாசற்படியிலிருந்தே பார்த்துவிட்டுக் களிம்பு எழுதினார். "ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா புரட்டிப் போடணும்." யார் புரட்டுவது என்று கேட்டேன். "வீட்டு ஆளுங்க." ஆஸ்பத்திரியில் படுக்கை இல்லையாம். மூன்றாம் மாடி ஸ்தான்காவைக் கேட்டேன். "எங்கப்பனுக்கே நான் செய்யலங்க, இவனுக்கா?" என்று கதவைச் சாத்தினாள். இந்த நகரத்தில் இறந்தவனைக் குளிப்பாட்ட, உடுத்த, படம் ஒட்ட, கோதுமைச் சோறு பொங்கிப் படைக்க எல்லோருக்கும் தெரியும். உயிரோடிருப்பவனைப் புரட்டத் தெரிந்த ஒருவரும் இல்லை. இப்படிப்பட்ட ஊரில் நான் எழுபத்து நான்கு ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறேன் என்பது எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

நானே கைகளைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். தோல் உரிந்தது. அவன் போட்ட அலறல் தெருவுக்குக் கேட்டிருக்கும். யாரும் வரவில்லை.

ஒரு மனிதனை எப்படிப் புரட்டுவது? ஏப்ரல் 21, ஞாயிற்றுக்கிழமை, காலை பதினோரு மணிக்குத் தொலைபேசியில் அழைக்க உனக்கு அனுமதி தருகிறேன்.

எவ்ஸ்தாதி பென்கோவ்

*

ஜெர்மனி, 24 ஏப்ரல் 2019

அப்பா,

பேசியதற்குத் தேதி கிடையாது என்பீர்கள். அதனால் ஞாயிறன்று சொன்னதை எழுதியும் அனுப்புகிறேன்.

கையை இழுக்காதீர்கள். எப்போதும். அவர் எந்தப் பக்கம் திரும்ப வேண்டுமோ அந்தப் பக்கம் நில்லுங்கள். எதிர்ப்பக்கத்து முழங்காலை மடக்குங்கள், ஒரு கை தோளில், ஒரு கை இடுப்பில், உங்களை நோக்கி உருட்டுங்கள். உடம்பு தானே வரும். முழுக்கப் பக்கவாட்டில் வேண்டாம், சற்றே சாய்ந்தால் போதும், முதுகுக்குத் தலையணை. குதிகால் மெத்தையில் படக் கூடாது. புண்ணைத் தேய்க்கக் கூடாது. தொடுவதற்கு முன்னால் என்ன செய்யப்போகிறீர்கள் என்று ஒவ்வொரு முறையும் அவரிடம் சொல்ல வேண்டும். இதுதான் முதல் பாடம். நீங்கள் அதைச் செய்ததை நான் போனில் கேட்டேன். "மெதோதி ஸ்தோயனோவ், இப்போது உங்களை இடப்பக்கம் திருப்பவிருக்கிறேன்." நீதிமன்றத்தில் பேசுவதுபோல. அதற்கு அவர் சொன்னதையும் கேட்டேன். "தொடறதுக்கு முன்னாடியும் அறிவிப்பு ஒட்டுவீரா, ஓய்?"

போனைப் படுக்கையில் போட்டுவிட்டு மறந்துவிட்டீர்கள். அரை மணி நேரம் உங்கள் இருவரின் மூச்சையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

எப்போது அருவருப்பு போகும் என்று கேட்டீர்கள். போகாது. எனக்கும் போகவில்லை. மூக்குக்குக் கீழே கொஞ்சம் புதினா எண்ணெய் தடவிக்கொண்டு வாயால் மூச்சு விடுங்கள். அருவருப்புப் படாதே என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. முகத்தில் காட்டாதே என்றுதான் சொன்னார்கள். படுத்திருப்பவர் பார்ப்பது உங்கள் முகத்தை மட்டும்தான்.

விலகல் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன், இன்னும் கொடுக்கவில்லை. மே 6 கடைசி நாள். பேருந்து மே 11. வந்ததும் மெதோதி மாமாவை நானே பார்த்துக்கொள்கிறேன். சான்றிதழ் இல்லாமலே.

ரலிட்சா

*

லோம், 30 ஏப்ரல் 2019, செவ்வாய்க்கிழமை

ரலிட்சாவுக்கு,

வராதே.

இதை நான் அன்பினால் எழுதவில்லை. தெளிவுக்காக எழுதுகிறேன். நீ பாதியில் திரும்பி வந்தால், அரைகுறையாகக் கற்ற இன்னொரு பெண் இந்தப் படிக்கட்டில் இருப்பாள். மருத்துவர் உன்னையும் "வீட்டு ஆளு" என்பார். நீ ஒன்று சொன்னால் வாசற்படியிலிருந்தே மறுப்பார். முத்திரை வேண்டும். துடைப்பதற்கு முத்திரையா என்று மார்ச் 5 அன்று நான் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். துடைப்பது அருவருப்பானதுதான், அதில் மாற்றமில்லை. தெரியாதவன் துடைப்பது அதைவிட அருவருப்பானது. அதை என் கையால் செய்து பார்த்துவிட்டேன்.

இத்துடன் உன் இயக்குநருக்கு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். மருந்துக்கடை வெசெலினா ஜெர்மனில் மொழிபெயர்த்தாள். அந்தத் தாளின் வாசகமும் விளிம்பும் ஒட்ட வேண்டிய இடங்களும் என்னுடையவை, என் மகள் என் சொல்லை நிறைவேற்றினாள் என்று அதில் இருக்கிறது. இறந்த செய்தியை மறைப்பது இங்கே குற்றம், அங்கே சொல்வது குற்றம். இது இரு ஊர்களின் வழக்கம் மோதியதால் வந்ததேயன்றி ஒழுக்கக்கேடு அல்ல என்றும் எழுதியிருக்கிறேன். அனுப்புவதும் அனுப்பாததும் உன் விருப்பம். விலகல் கடிதத்தை மட்டும் கிழித்துப் போடு.

உன் அம்மாவின் தாளில் உன் பெயர் விட்டுப்போகவில்லை. நான்தான் விட்டேன். 2018 ஆகஸ்ட் 30 அன்று அச்சகத்தில் நின்றுகொண்டு யோசித்துத்தான் விட்டேன். உன் தொழிலை அந்தத் தாளில் எழுதக் கூசியது. தொழில் இல்லாமல் பெயர் மட்டும் போடுவது என் வழக்கமல்ல. நடந்தது இது.

மெதோதியின் புண்ணில் துர்நாற்றம் சற்றுக் குறைந்திருக்கிறது. என் கைகளில் குறையவில்லை. வினிகர் போட்டுக் கழுவுகிறேன். ஈஸ்டர் முட்டையை உரிக்கும்போதுகூட அதுதான் வந்தது. சாப்பிடவில்லை. அவன் மூன்று சாப்பிட்டான்.

எவ்ஸ்தாதி பென்கோவ்

*

ஜெர்மனி, 9 மே 2019

அப்பா,

கிழித்துவிட்டேன்.

விசாரணையில் ஐந்து பேர். மகனின் வக்கீல் தாளில் நான் செய்திருந்த ஜெர்மன் பிழைகளைக்கூடப் படித்துக் காட்டினார். வெண்ட்லாண்ட் அம்மாள் இருந்திருந்தால் என்னைக் கிள்ளும் முன்பாக அந்த வக்கீலைக் கிள்ளியிருப்பார். உங்கள் கடிதத்தை இயக்குநர் சத்தமாக வாசித்தார். "பசை மாவுப் பசையாக இருக்க வேண்டும் என்பதும் என் அறிவுறுத்தலே" என்ற இடத்தில் பயிற்சிப் பள்ளியின் பிரதிநிதி இருமினார். சிரிப்பை மறைத்தார் என்று நினைக்கிறேன்.

தப்பு தப்புதான் என்றார்கள். எழுத்தில் ஓர் எச்சரிக்கை, என் கோப்பில் இருக்கும். இன்னொரு முறை நடந்தால் வெளியே. ஆனால் தேர்வு எழுதலாம். வெளியே வரும்போது இயக்குநர் அம்மா என்னிடம் மட்டும், "உங்கப்பா பக்கத்துல இல்லாததே நல்லது" என்றார். பிர்கிட் இன்னும் பெயர்களை நகத்தால்தான் சுரண்டுகிறாள். அதைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை.

நேற்று மறுபடி பிரிவுக்குப் போனேன். வெண்ட்லாண்ட் அம்மாளின் அறையில் இப்போது ஒரு கிழவர். என்னைப் பார்த்ததும் துப்பினார். முகத்தில் எதையும் காட்டவில்லை.

ஆகஸ்ட் 20 கடைசித் தேர்வு. பேருந்துச் சீட்டை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டேன்.

ரலிட்சா

*

ஜெர்மனி, 22 ஆகஸ்ட் 2019

அப்பா,

தேறிவிட்டேன். 20 ஆகஸ்ட் 2019, செவ்வாய்க்கிழமை. செய்முறைத் தேர்வில் ஒருவரைப் புரட்டச் சொன்னார்கள்.

அரசுச் சான்று பெற்ற முதியோர் பராமரிப்பாளர். பெயருக்கு அடியில் இப்படித்தான் எழுதியிருக்கிறது.

ரலிட்சா

*

லோம், 10 செப்டம்பர் 2019, செவ்வாய்க்கிழமை

ரலிட்சாவுக்கு,

நேற்று, செப்டம்பர் 9, உன் அம்மாவின் நான்காம் ஆண்டு நினைவு நாள். வாசலிலும் நிறுத்தத்திலும் தேவாலயக் கதவிலும் தாள் ஒட்டினேன். ஒரு பிரதி இத்துடன். "துயருறுவோர்: கணவர் எவ்ஸ்தாதி, பதிவாளர் (ஓய்வு), மகள் ரலிட்சா, அரசுச் சான்று பெற்ற முதியோர் பராமரிப்பாளர்." அச்சகத்துக்காரன் வரி நீளமாக இருக்கிறது, "செவிலி" என்று போடலாமே என்றான். கூடாது என்றேன். எழுத்தைச் சிறிதாக்கினான்.

ஸ்தான்கா வாசலில் நின்று அதை உரக்கப் படித்தாள். பிறகு தன் மாமியாரின் குதிகாலில் ஏதோ கறுத்திருக்கிறது, வந்து பார்க்க முடியுமா என்று கேட்டாள். என்னை. நான் மறுத்தேன். நாளை போகிறேன்.

மெதோதியின் புண் மூடிக்கொண்டு வருகிறது. இப்போது ஒரு நாணயத்தின் அளவு. அவனுடைய குணம் மூடவில்லை. சூப்பைத் துப்புகிறான், என்னை "ஆயா" என்று கூப்பிடுகிறான். குடலைச் சுத்தம் செய்யும் வேளை இன்றும் எனக்குக் குமட்டுகிறது. முகத்தில் காட்டுவதில்லை. காட்டினால் அவன் மகிழ்வான்.

தாளை அவனுக்கும் வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "எனக்கும் ஒண்ணு எழுதி வெச்சிருப்பீரே, கொண்டாரும்" என்றான். உண்மை. ஏப்ரல் 10 அன்று மருத்துவர் போன பிறகு எழுதியது, இரண்டாவது தேதி மட்டும் காலி. கொண்டுவந்து படித்தேன். பிழை எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை அவனுக்கு. கடைசியில், "துயருறுவோர்ல எம்மவன் பேரு இருக்கு, சரி. கழுவுனவன் பேரு எங்க?" என்றான்.

அப்படியொரு வழக்கம் கிடையாது என்று சொன்னேன். இறந்தவரின் உறவினர்தான் அந்த வரியில் வரலாம். கழுவியவரை எழுதுவது எந்த ஊரிலும் இல்லை.

பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.

உன் தந்தை,
எவ்ஸ்தாதி